சிலுவையும் இரண்டு புள்ளிகளும்

அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு நாற்றம் வந்து முகத்தில் அறையும். பெயிண்ட், கருகிய ரப்பர், வெல்டிங் புகை, நிரம்பி வழியும் சாக்கடை. தேவதாஸுக்கு இவை எதுவும் பொருட்டில்லை. குளச்சல் கடற்கரையில் மீன்குடலுக்கும் டீசலுக்கும் நடுவே வளர்ந்த மூக்கு அது. ஆனால் அவன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணம் இருந்தது. வந்து இத்தனை வருடமாகியும் அதை மட்டும் அவனால் சகிக்க முடியவில்லை. விளக்கெண்ணெய் மணம்.

சின்ன வயதில் பெரிய பரீட்சை முடிந்த மறுநாள் அவன் அம்மா பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து, ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவாள். வயிறு சுத்தமாக வேண்டுமாம். அன்று முழுக்க வீட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடைதான். அந்தக் கொழகொழப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு மறுநாள் காலை வரை போகாது. கடல் தாண்டி, பாலைவனத்துக்கு வந்து, ஏ.சி. இல்லாத கொட்டகைக்குள் நின்று, தினமும் அதே மணத்தை மூச்சு மூச்சாக இழுக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

எழுதியவர் ஒர்க்‌ஷாப் முதலாளி கீத். ஐம்பதைத் தாண்டிய இங்கிலாந்துக்காரர். காகிதத்தில் கபீல், அதாவது ஸ்பான்சர், என்று ஒரு அரபி இருந்தார், ஆண்டுக்கு ஒருமுறை வந்து காவா காப்பி குடித்துவிட்டுப் போவார். மற்றபடி எல்லாம் கீத்தான். ஜெட்ஸ்கி, படகு எஞ்சின், மணலில் ஓட்டும் நாலு சக்கர பைக் எல்லாம் பிழைப்புக்கு. ஸ்பீட்வே பைக் பைத்தியத்துக்கு. வாலிப வயதில் இங்கிலாந்தில் இரண்டாம் டிவிஷனில் ஸ்பீட்வே ஓட்டி, தோள்பட்டையை இரண்டு முறை உடைத்துக்கொண்டு, வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தவர் அவர். அந்த பைக்குகளின் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஆயில். எஞ்சின் சூடேறிப் புகை கிளம்பியதும் கீத் கண்ணை மூடி, மூக்கை விரித்து, முழு மூச்சாக இழுப்பார். "ஹெவன், தேவ்! ஹெவன்!" என்பார். கண்ணில் நிஜமாகவே நீர் நிற்கும். தேவதாஸ் பின்பக்கம் போய் ஒருமுறை காறித் துப்பிவிட்டு வருவான்.

ஸ்பீட்வே என்றால் என்ன என்று அவனுடைய ரூம்காரன் செய்கு முகம்மது ஒருநாள் கேட்டான். தேவதாஸ் விளக்கினான். முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். நாலு பேர், நாலு சுற்று. எல்லாத் திருப்பமும் இடப்பக்கம் மட்டுமே. பைக்குக்கு பிரேக் கிடையாது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு வாயில் மண்.

"பிரேக்கு இல்லாத வண்டிய காசு குடுத்து வாங்கி ஓட்டுறானுவளா?" என்றான் செய்கு முகம்மது. "நம்மூரு டவுன் பஸ்ஸுல ஏறுனா சும்மாவே கெடைக்குமேண்ணே."

செய்கு கீழக்கரைக்காரன். ஷார்ஜா ரோலாவில் இவர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குக் கீழேயே ஒரு இன்டர்நெட் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு ரூமில் ஆறு கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு படை மூட்டைப்பூச்சி. தேவதாஸ் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசிப்பான். மனைவி சுகிர்தராணியையும் மகள் ஜெபிஷாவையும் இங்கே கொண்டுவர வேண்டும். கடைசியாக லீவில் போயிருந்தபோது ஜெபிஷா அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய் டீச்சரிடம், "இவங்கதான் மிஸ், ஃபோன்ல பேசுற அப்பா" என்று அறிமுகம் செய்துவைத்தாள். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தைத்த முள் இன்னும் எடுபடவில்லை.

விசாவில் அவன் தொழில் மெக்கானிக் என்று அடித்திருந்தது. மெக்கானிக்குக்குக் குடும்ப விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. சூப்பர்வைசர் என்று மாற்ற வேண்டும், சம்பளச் சான்றிதழில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் கீத் கையில் இருந்தன. "நிச்சயமாக, தேவ். அடுத்த மாதம்" என்று அவர் சொல்லத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மார்ச்சில் கீத்தின் மகன் டேனி இங்கிலாந்தில் ஸ்பீட்வே ஓட்டப் போனான். துபாயில் பிறந்து வளர்ந்த பையன், அப்பா ஓட்டிய அதே இரண்டாம் டிவிஷன். பெயர் மட்டும் பிரீமியர் லீக். முதல் டிவிஷனுக்கு எலைட் என்று பெயர் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த பெரிய பெயரை இதற்கு ஒட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் எஞ்சின் பார்க்கும் கைகாரர்கள் கேட்கும் கூலியைக் கேட்டு கீத்துக்கு நெஞ்சு வலித்தது. ஆகவே டேனியின் எஞ்சின்கள் மரப்பெட்டியில் விமானம் ஏறி அஜ்மானுக்கு வரும். தேவதாஸ் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, பூட்டித் தருவான். பெட்டி திரும்பப் போகும். கூலி மிச்சம், விளக்கெண்ணெய் தேவதாஸுக்கு.

அவன் எஞ்சின் பூட்டுகிற முறையை இங்கே சொல்லியாக வேண்டும். குளச்சல் பக்கம் படகு எஞ்சின் பார்ப்பவர்கள் சிலிண்டரை உட்கார வைக்கும் முன் அதன் அடிப்பக்கத்தில் உளிமுனையால் சின்னதாக ஒரு சிலுவை அடிப்பார்கள். ஆண்டவரே, கரை சேர்த்துவிடும் என்று ஒரு வார்த்தை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால் சிலுவைக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பார்கள். ஒரு அளவு பெரிதாக்கினால் ஒரு புள்ளி, இரண்டு அளவென்றால் இரண்டு. ஏனென்றால் படகு போய்ச் சேருகிற இடம் எது என்று யாருக்குத் தெரியும்? கொச்சியிலோ தூத்துக்குடியிலோ இன்னொருத்தன் அந்த எஞ்சினைத் திறப்பான். புள்ளி இல்லையென்றால் அவன் சின்ன பிஸ்டன் ரிங்கைப் போட்டு மூடிவிடுவான், படகு நடுக்கடலில் நின்றுவிடும். அதனால் புள்ளி வைக்காமல் பூட்டுவதைப் பாவம் என்றே நினைத்தார்கள். தேவதாஸ் ஜெட்ஸ்கிக்கும் அடித்தான், அரபிப் பிள்ளைகளின் மணல் பைக்குக்கும் அடித்தான். சிலிண்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒழியக் கண்ணில் படாத அடையாளம் என்பதால் கீத்துக்கு இது தெரியாது.

டேனி புறப்படுவதற்கு முந்தின வாரம் கீத் ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தார். சிலிண்டரைப் பெரிதாக்கு என்றார். பெரிய பிஸ்டன் ஒன்றும் எங்கிருந்தோ வரவழைத்திருந்தார்.

"சார், ஐந்நூறு சி.சி.க்கு மேலே போகுமே. பந்தயத்துக்கு ஆகாதே" என்றான் தேவதாஸ்.

"பந்தயத்துக்கு யார் கேட்டது? இது உம் அல் குவைன் கடற்கரையில் நான் ஓட்டிப் பார்க்க. கிழவன் ஒருவனின் விளையாட்டுச் சாமான், தேவ்" என்று கண்ணடித்தார் கீத்.

சரி, கிழவனுக்கு ஆசை என்று தேவதாஸ் கடைந்து கொடுத்தான். சிலுவை அடித்தான். பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தான். பூட்டினான்.

சீசன் ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும், செய்குவின் கடையில் உட்கார்ந்து பந்தய முடிவுகளைப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஏப்ரல் முழுக்க டேனிக்குக் கடைசி இடம், மூன்றாம் இடம், மறுபடி கடைசி இடம். ஒருமுறை வேலியில் போய் மோதினான். மே மாதத்தில் திடீரென்று பையனுக்குச் சிறகு முளைத்தது. மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. அந்த டீமே அவனை நம்பி மேலே ஏறியது.

"அண்ணே, ஒங்க ஆளு பின்னுறான்" என்றான் செய்கு.

தேவதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பையனுக்காக அல்ல, தன் கைக்காக. அவன் பூட்டிய எஞ்சின் கண்காணாத தேசத்தில் வெள்ளைக்காரனின் எஞ்சினை முந்துகிறது. அன்று ரூமில் இருந்த ஆறு பேருக்கும் அவன் செலவில் புரோட்டா வந்தது. ஃபோனில் சுகிர்தராணியிடம் அளந்து விட்டான். "ஒங்க எஞ்சினு ஓடுறது கெடக்கட்டும், எங்க விசா எப்ப ஓடும்னு கேளுங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

ஜூலையில் பெட்டி வந்தது. எஞ்சின் சத்தம் சரியில்லையாம், பார்க்க வேண்டுமாம். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. தேவதாஸ் எஞ்சினைப் பிரித்தான். எரிந்து கறுத்த விளக்கெண்ணெய் பிசினாக ஒட்டியிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டே சிலிண்டரைத் தூக்கித் துணியால் துடைத்துக் கவிழ்த்தான். ஒரு சிலுவை. பக்கத்தில் இரண்டு புள்ளி.

கடற்கரையில் ஓட வேண்டிய எஞ்சின் இது.

அப்படியானால் அந்த மூன்று, மூன்று, இரண்டு, மூன்று எல்லாம் இதுதான். இதை மெச்சித்தான் அவன் ஆறு பேருக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்திருந்தான். எவனோ ஒருத்தன் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, சொந்தக் காசில் ஒரு பைக் வாங்கி, சட்டப்படியான எஞ்சினை வைத்துக்கொண்டு டேனிக்குப் பின்னால் மண்ணைத் தின்றிருக்கிறான். அந்த மண்ணை அள்ளி அவன் வாயில் போட்டதில் தேவதாஸின் கையும் இருக்கிறது. என்ன பிழைப்பு இது!

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நேராக கீத்தின் அறைக்குப் போனான். "சார், இது பீச் எஞ்சின்" என்றான்.

கீத் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். உதட்டு ஓரத்தில் மயோனைஸ். அதைத் துடைக்காமலே சிரித்தார். "எல்லோரும் செய்கிறார்கள், தேவ். இட்ஸ் ஒன்லி செகண்ட் டிவிஷன்."

"சார், தப்பு சார்."

கீத் மென்றுகொண்டே கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விசா படிவத்தை எடுத்தார். "உன் குடும்ப விசா விஷயம் என்ன ஆயிற்று? நீ நினைவூட்டவே இல்லையே. சீசன் முடியட்டும். நானே முடித்துத் தருகிறேன். உன் மகள் பெயர் என்ன சொன்னாய்?"

மூன்று வருடமாக அந்தப் பெயரைக் கேட்காத மனிதர். இன்றைக்குக் கேட்கிறார். தேவதாஸுக்கு விஷயம் புரிந்தது. புரிந்த பின்னும் வாய் தானாகத் திறந்து, "ஜெபிஷா, சார்" என்றது. அந்தப் பெயரை அந்த அறையில் சொன்னதற்காகத் தன் நாக்கையே அறுத்துப் போடலாம் என்றிருந்தது.

திரும்பி வந்து எஞ்சினைப் பூட்டினான். புள்ளிகளை ராவி எடுத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. எடுக்கவில்லை. அந்த அளவுக்கு இறங்க மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பூட்டினானே, அது எந்த அளவு என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கழுவக் கழுவக் கையில் அந்த மணம் போகவில்லை. சோற்றைப் பிசைந்தாலும் அது, முகம் துடைத்தாலும் அது.

அதன் பிறகு செய்குவின் கடைக்குப் போவதை நிறுத்தினான். ஆகஸ்டில் ஒருநாள் செய்குவே மாடிக்கு வந்து, "அண்ணே, டேனி இந்த வாரமும் பர்ஸ்ட்டு" என்றான்.

"எனக்க கிட்ட சொல்லாதடே அவனுக்க காரியம்" என்று தேவதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அக்டோபரில் குட்டு உடைந்தது. சீசன் முடிகிற நேரம், கோப்பைக்கான பந்தயம். எதிர் டீம் மேனேஜருக்குச் சந்தேகம். புகார் கொடுத்தார். அதிகாரிகள் பந்தயம் முடிந்த கையோடு டேனியின் எஞ்சினை மேல்மூடி கழற்றி அளந்தார்கள். மேலிருந்து அளந்தார்கள், சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை. அளவு மிஞ்சியிருந்தது. டேனியின் புள்ளிகளை எல்லாம் வெட்டினார்கள், டீம் கோப்பையை இழந்தது.

இரண்டு நாள் கழித்து கீத் தேவதாஸை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து ஒரு அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். கண்ணியமான குரல். கீத் அவரிடம் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கோ என் மகனுக்கோ இது தெரியாது. இங்கே என்னிடம் ஒரு இந்திய மெக்கானிக் இருக்கிறான். நல்லவன். ஆனால் படிப்பில்லாதவன். அளவுக்கருவியைத் தப்பாகப் படித்துவிட்டான். இதோ, அவனே சொல்வான்."

சொல்லிக்கொண்டே, இடது கையால், ஒரு காகிதத்தை மேசைமேல் தேவதாஸ் பக்கம் தள்ளினார். சம்பளச் சான்றிதழ். சூப்பர்வைசர் என்று டைப் அடித்து ரெடியாக இருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. அதன்மேல் பேனாவை வைத்து, மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

இதுவரை மரியாதைக்கு அவர் இவர் என்று சொல்லியாயிற்று. இனி இந்த ஆளுக்கு அது வேண்டாம்.

"ஹலோ? இருக்கிறீர்களா?" என்றது ஃபோன்.

இவங்கதான் மிஸ், ஃபோன்ல பேசுற அப்பா. தேவதாஸ் தொண்டையைச் செருமினான். விளக்கெண்ணெய் இறங்குகிற மாதிரி ஏதோ கொழகொழவென்று இறங்கியது.

"மை மிஸ்டேக், சார்" என்றான்.

"நன்றி. நேர்மையாகச் சொன்னதற்குப் பாராட்டுகள்" என்றது குரல். நேர்மையாம்! கீத் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். எழுந்து வந்து தோளில் தட்டினான். தேவதாஸ் நேராக டாய்லெட்டுக்குப் போய்க் காலையில் தின்ற தோசையை எல்லாம் வாந்தி எடுத்தான்.

டேனிக்குக் கிடைத்த தண்டனையைக் கேட்டால் சிரிப்பு வரும். தெரியாமல் நடந்த தவறு என்பதால் குளிர்காலம் முடியும் வரை தடை. குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஸ்பீட்வேயே கிடையாது. செய்கு இன்டர்நெட்டில் அந்தச் செய்தியைத் தேடிப் படித்தான். "வளைகுடாவிலுள்ள ஒரு இந்திய மெக்கானிக்கின் கவனக்குறைவால்னு போட்டிருக்கான். ஒங்க பேரு போடலண்ணே."

"பேரு போட்டிருந்தாலாவது ஒருத்தனுக்குத்தான் கேவலம்" என்றான் தேவதாஸ்.

விசா வந்தது. டிசம்பரில் சுகிர்தராணியும் ஜெபிஷாவும் ஷார்ஜா ஏர்போர்ட்டில் இறங்கினார்கள். ரோலாவிலேயே ஒரு ஃபிளாட்டைத் தடுப்பு போட்டு மூன்று குடும்பம் இருந்த இடத்தில் ஒரு அறை கிடைத்தது. வைத்துக்கொள்ள இடமில்லாமல் இரண்டு சூட்கேஸையும் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். ஜெபிஷா அவன் தட்டிலிருந்தே சாப்பிட்டாள், அவன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கினாள். தேவதாஸுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. சுகிர்தராணிதான் முதல் நாளே அவன் சட்டையை முகர்ந்து பார்த்து, "இதென்ன வெளக்கெண்ண மணம்? வயிறு சரியில்லியா?" என்றாள். "வேல மணம்" என்று சொல்லி முடித்துக்கொண்டான். ஃபோனில் சொன்ன அந்த மூன்று வார்த்தையைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கீத் ஒர்க்‌ஷாப்பில் விருந்து வைத்தான். ஆண்டுதோறும் வைப்பது. பழைய ஸ்பீட்வே கூட்டாளிகளைக் கூப்பிட்டு, கறி சுட்டு, ஒரு எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டு, எல்லோரும் சுற்றி நின்று அந்தப் புகையை மோந்து பார்த்து உருகுவார்கள். இந்த வருடம் டேனி வந்திருந்தான். லீவுக்கு துபாய் வந்திருந்த அவனுடைய டீம் மேனேஜரும் வந்திருந்தார். கோப்பை போன துக்கத்தில் இன்னும் முகம் தெளியாத, வயதான, மெலிந்த மனிதர். வேலைக்காரர்களும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று கீத் சொல்லியிருந்தான். சுகிர்தராணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, புகையைக் கண்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

டேனி இவர்களைப் பார்த்ததும் கையில் பியர் டப்பாவோடு வந்தான். கெட்ட பையன் இல்லை, ஆனால் எதையும் யோசித்துப் பழக்கமில்லை. தேவதாஸின் தோளில் கையைப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "எனக்குத் தடை வாங்கிக் கொடுத்த ஆள் இவன்தான்! உலகத்திலேயே பெரிய மிஸ்டேக் செய்த மெக்கானிக்!"

எல்லோரும் சிரித்தார்கள். கீத் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

ஜெபிஷா ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். "அப்பா, நீங்க என்ன மிஸ்டேக் பண்ணுனீங்க?" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்த அண்ணன் சொல்லி எல்லாரும் சிரிக்காங்க."

"என்னவாக்கும் சொல்லுகான் அவன்?" என்றாள் சுகிர்தராணி. அவள் முகம் மாறியிருந்தது.

தேவதாஸ் மகளைப் பார்த்தான். யாரைக் கொண்டுவருவதற்காக அந்த மூன்று வார்த்தையைச் சொன்னானோ, அவள் காதிலேயே கொண்டுவந்து அதை ஊற்றிவிட்டார்கள். இனி இவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் டீச்சரிடம் என்ன சொல்லுவாள்? அவனுக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது, கீத் மேல், டேனி மேல், அந்தப் புகைமேல், எல்லாவற்றையும்விடத் தன்மேல்.

அந்த எஞ்சின் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து அவனுடைய பெஞ்சில்தான் பிரித்துக் கிடந்தது. உள்ளே புது உறை இறக்கி, சிலிண்டரை மறுபடி பழைய அளவுக்கு மாற்ற வேண்டும் என்று கீத் சொல்லியிருந்தான். தேவதாஸ் மகளைக் கைபிடித்து பெஞ்சுக்கு அழைத்துப்போனான், சுகிர்தராணியும் பின்னாலேயே வந்தாள். சிலிண்டரைக் கவிழ்த்தான்.

"இதென்ன பாரு மக்ளே."

"சிலுவை."

"பக்கத்துல?"

ஜெபிஷா விரலால் தடவிப் பார்த்தாள். "ரெண்டு புள்ளி."

"அது அப்பா அடிச்சது. இதப் பெருசாக்கச் சொன்னது மொதலாளி. பீச்சுல சும்மா ஓட்டதுக்குன்னு சொன்னாரு. பெருசாக்குனேன். பெருசாக்கியிருக்கேன்னு புள்ளியும் வச்சேன். தெரியாமத் தப்பு பண்ணுனவன் எண்ணிப் புள்ளி வைப்பானா?" அவனும் விரலால் அந்தப் புள்ளிகளைத் தொட்டான். "பொறவு அவங்க இத ரேசுக்குக் கொண்டு போயி மாட்டிக்கிட்டாங்க. எனக்க தப்புன்னு ஃபோன்ல சொல்லச் சொன்னாங்க. சொன்னாத்தான் ஒங்களுக்கு விசா. சொன்னேன்."

சுகிர்தராணி மூக்கிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.

தகப்பனும் மகளும் பெஞ்சில் குனிந்து எதையோ பார்ப்பதைக் கண்டு டீம் மேனேஜர் பக்கத்தில் வந்திருந்தார். "அப்பா உனக்கு என்ன காட்டுகிறார், கண்ணு?" என்று ஜெபிஷாவிடம் அன்பாகக் கேட்டார்.

பெரியவர்கள் கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள். ஜெபிஷா கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல், தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த இரண்டு புள்ளியை என் அப்பா வைத்தார். இரண்டு புள்ளி என்றால் எஞ்சின் பெரியது என்று அர்த்தம். பெரிதாக்கச் சொன்னது கீத் அங்கிள். கடற்கரையில் ஓட்ட என்று அப்பாவிடம் சொன்னார், ஆனால் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கொஞ்சம் நிறுத்தி யோசித்தாள். அப்பா சொல்லாததையும் சேர்த்துக்கொண்டாள். "என் அப்பா எஞ்சினில் தப்பு செய்யவில்லை. எங்களுக்காக ஃபோனில் பொய் சொன்னார். அதுதான் அவர் செய்த மிஸ்டேக்."

மேனேஜர் சிலிண்டரைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு திரும்பி கீத்தைப் பார்த்தார். எஞ்சின் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

கீத் விரைந்து வந்தான், முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு. "குழந்தை! பாவம், அப்பன் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு மாற்றிச் சொல்கிறது. இல்லையா, தேவ்?" சொல்லிவிட்டு தேவதாஸின் கண்ணையே பார்த்தான். அன்றைக்கு மேசைமேல் காகிதத்தைத் தள்ளியபோது பார்த்த அதே பார்வை. கொடுத்த விசாவைக் கேன்சல் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தக் கண்ணில் எழுதியிருந்தது.

தேவதாஸுக்கு அதைப் படிக்கத் தெரியும். பக்கத்தில் ஜெபிஷா நிமிர்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், தான் சரியாகச் சொன்னோமா என்று.

"நோ மிஸ்டேக், சார்" என்றான் தேவதாஸ். "ஷி டெல் கரெக்ட்."

அவன் பெஞ்சில் கிடந்த துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைத்தான். சுகிர்தராணி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டி ரெண்டும் கட்டிலுக்கடியிலதான் கெடக்கு" என்றாள். "வாங்க, போலாம்."